அண்ணன் காணை

அவித்த மல்லாட்டையின் வாசனை மூக்குக்கு வருமுன் நாக்குக்கு வந்துவிடும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மண்ணும் உப்பும் நீராவியும் சேர்ந்து, மழையில் நனைந்த வயலையே யாரோ பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்ததுபோல இருக்கும். நேற்று மாலை தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் மூடியைத் திறந்தபோது, நடந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நீங்களும் கூட வந்துகொண்டிருந்தீர்கள். என்ன ஆச்சு என்று கேட்டீர்கள், ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்று. சொன்னால் நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பேய், ஆவி, முனி ஓட்டம் எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இருக்கிறதா என்றால் பதில் சொல்லத் தயங்குவேன், அவ்வளவுதான். அனந்தபுரத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பன்னிரண்டு வயதில் பந்தயம் கட்டி ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துக் காட்டியவன் நான். கொசு கடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தேன். அந்த வேலையில் முதலில் சொல்லித் தருவதே, தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார், என்ன இருக்க வேண்டுமோ அதைப் பார்க்காதே என்பதுதான். அப்படிப்பட்ட கண் எனக்கு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கோட்டை விட்டேன்.

நடந்தது ஐம்பதுகளின் கடைசியில். எனக்கு இருபத்துநாலு வயது. ஊரில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள், அப்பா விட்டுப்போன நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போட்டுக்கொண்டு. அவர்களுக்கு ஒரே பெண், செல்வி, ஆறு வயது. அந்த வருஷம் பங்குனியில், மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆள் கிடைக்காத நேரம், பிடுங்கி முடித்துவிட்டு நாளைக்கு வண்டி கட்டலாம் என்றார் அண்ணன். மறுநாள் வண்டி கட்டினார்கள். திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, செஞ்சியைத் தாண்டியதும், குழந்தை போய்விட்டது. வண்டியை அங்கேயே திருப்பினார்கள்.

நான் காரியத்துக்குப் போயிருந்தேன். போனவன் சும்மா இருந்திருக்கலாம். பதினாறாம் நாள் சாப்பாட்டின்போது, பத்துப் பேருக்கு நடுவில், "ஒரு நாளு முன்னாடி கூட்டிக்கினு போயிருக்கலாமேண்ணா" என்று சொன்னேன். அண்ணன் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் ஊருக்குப் போகவில்லை, கடிதமும் போடவில்லை. என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்தே நாள் போயிற்று. அண்ணியும் அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கார்த்திகையில் ஒரு பகல், அச்சகத்துக்குத் தந்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துத் தந்தி அப்படித்தான் இருக்கும். 'அண்ணன் காணை ஸ்டார்ட்.' மூன்றே சொல்.

காணை என்பது விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். அண்ணியின் தாய்வீடு அங்கேதான். அண்ணன் காணையில் இருக்கிறார், நீ கிளம்பி வா. எனக்கு அது நல்ல செய்தியாகக்கூடப் பட்டது, மாமனார் வீட்டில் உட்கார வைத்து எனக்கும் அண்ணனுக்கும் சமாதானம் பண்ணப் பார்க்கிறார்கள், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று. அவசரப்படாமல் கையில் இருந்த அச்சுப் பக்கங்களைத் திருத்தி முடித்துக் கொடுத்துவிட்டு, சாயங்கால ரயிலில் ஏறினேன்.

திண்டிவனத்தில் ரயில் ரொம்ப நேரம் நின்றது. மழை. பிளாட்பாரத்தில் ஒருத்தி அவித்த மல்லாட்டைக் கூடையைச் சாக்கால் மூடிக்கொண்டு ஓடினாள், அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து என் மடியில் உட்கார்ந்ததுபோல இருந்தது. இறங்கி ஒரு படி வாங்கலாமா என்று நினைத்தேன், இறங்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் அங்கே இறங்கவில்லை.

விழுப்புரத்தில் இறங்கும்போது காணைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. நடந்து போகலாம்தான், ஆனால் வழியில் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சத்திரம் இருப்பதாக ஒருவர் கைகாட்டினார். யாரோ ஒரு தனவந்தர் காசிக்குப் போய் வந்த ஞாபகமாகக் கட்டியது, வழிப்போக்கர்களுக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு ராத்திரித் தூக்கமும். பெரிய கதவு, நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த கூடம். கதவைத் தட்டினதும் ஓர் அம்மாள் அரிக்கேன் விளக்கோடு வந்தாள். பெயர் கனகம்மா என்று அப்புறம் தெரிந்தது. சமையலும் சாவியும் அவள் கையில்தான்.

"வாங்க, வாங்க. நல்லா நனைஞ்சிட்டீங்களே. கால கழுவிக்கினு உள்ள வாங்க."

"காணைக்குப் போகணும்மா. பஸ்ஸு போயிடுச்சி. ஒரு ராத்திரி படுக்க எடம் வேணும்."

"காணைக்கு இனிமே காலைல ஆறரைக்குத்தான். சாப்ட்டு படுங்க. நோட்டுல பேர எழுதிடுங்க."

எழுதினேன். என் பேனா மழையில் நனைந்ததாலோ என்னவோ எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது கக்கிவிட்டது. பை முழுக்க நீலம். கனகம்மா விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சட்டைய நாசம் பண்ணிக்கினீங்க" என்றாள்.

நம் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு, இதைச் சொல்லாவிட்டால் மேலே நடப்பது உங்களுக்கு விளங்காது. வாங்க, உக்காருங்க, சாப்டுங்க. ஒருவருக்கு மரியாதை என்றாலும் அதே 'ங்க'தான், இரண்டு பேரைக் கூப்பிட்டாலும் அதே 'ங்க'தான். வாயிலிருந்து வரும் சொல்லை வைத்து அது எத்தனை பேருக்கு என்று எண்ண முடியாது. கேட்கிறவன் தான் ஒருவன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் எல்லாமே தனக்கு என்றுதான் எடுத்துக்கொள்வான்.

கூடத்தில் எதிரெதிரே இரண்டு இலை போட்டிருந்தாள். வேறு யாரோ வழிப்போக்கர் கால் கழுவப் போயிருக்கிறார் போல என்று நினைத்தேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். என் இலையில் ஒரு கரண்டி, எதிர் இலையில் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். "கூச்சப்படாம சாப்டுங்க, இது இன்னா மாமியார் வூடா" என்றாள். நான் சிரித்தேன், மறுநாள் நான் போகவேண்டியது அண்ணனின் மாமியார் வீடுதானே. பிறகு வெகு காலம் கழித்து யோசித்தபோதுதான் ஒன்று தோன்றியது, அதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. விளக்கு என் பின்னால் தூணில் மாட்டியிருந்தது, என் நிழலே எதிர் இலைமேல் விழுந்து கிடந்தது. அந்த இலையை நான் ஒருதரம்கூடக் கூர்ந்து பார்க்கவில்லை. அசதி. கை கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

"பாய் ரெண்டு சுருட்டி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க" என்றாள். தரை ஈரம், அதற்காகச் சொல்கிறாள் என்று எண்ணி ஒரு பாயை விரித்தேன், மற்றதை மூலையில் சாத்தி வைத்துவிட்டேன். கதவைத் தாழ் போடவில்லை, சத்திரத்தில் யாரும் போடமாட்டார்கள்.

இரவில் ஒருதரம் விழிப்பு வந்தது. விழிப்பு என்று சொல்வதுகூட அதிகம். கண் திறக்காமலே காது மட்டும் திறந்துகொண்டது. பக்கத்தில் மல்லாட்டை உரிக்கிற சத்தம். அவித்த காய் உடையும்போது வறுத்ததுபோல நொறுங்காது, ஈரமாக, மெதுவாகப் பிளக்கும், வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல. அந்தச் சத்தமும் அந்த வாசனையும். யாரோ வந்து படுத்திருக்கிறார், பசி போல, என்று நினைத்தேன். "எந்த ஊருங்க?" என்று கேட்டதாகக்கூட ஞாபகம். கொஞ்ச நேரத்தில் என் காலிலிருந்து நழுவியிருந்த துப்பட்டியை யாரோ இழுத்துப் பாதத்தை மூடி ஓரத்தைக் கட்டைவிரலுக்கு அடியில் செருகினார்கள். எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை, சுகமாகத் தூங்கிவிட்டேன். சின்ன வயதில் எனக்கு அப்படிச் செருகிவிடுகிறவர் ஒருவர்தான்.

விடிந்து எழுந்தபோது மூலையில் சாத்தின பாய் என் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. தலைமாட்டில் மல்லாட்டைத் தோல். சிதறிக் கிடக்கவில்லை. பாதிப் பாதி ஓடுகளாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமாக ஒரு வரிசை. அண்ணன் செல்விக்குச் செய்து கொடுப்பது இப்படித்தான், ரயில் என்று சொல்வாள். ஊரில் எத்தனை அப்பாக்கள் இதைச் செய்வார்கள், என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த வரிசையைக் கலைக்காமல் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மசிக் கறைச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அதற்குக் கீழே திணித்தேன். வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

கனகம்மா கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"எழுந்துட்டீங்களா. அவரு முத பஸ்ஸுக்கே பூட்டாரு."

"யாரு?"

"யாருன்னா? உங்க கூட வந்தவருதான்."

"என் கூட யாரும் வரலயேம்மா."

சிரித்தாள். "காலங்காத்தால கிண்டலா. ரெண்டு பேருக்கும் குனிஞ்சி குனிஞ்சி சோறு போட்டவ நானு. உங்களவிட அவருதான் நல்லா சாப்ட்டாரு. நீங்க கோழி மாதிரி கொறிச்சீங்க."

"எப்படி இருந்தாரு?"

என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. "உங்க ஜாடைதாங்க. கொஞ்சம் பெரியவரு. இந்தக் காது" என்று தன் இடது காதுமடலைத் தொட்டாள், "அறுந்து ரெண்டா தொங்கினு இருந்துச்சி. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமலே சாப்ட்டீங்க. அண்ணன் தம்பிக்குள்ள இன்னா சண்டையோ, நமக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

அண்ணனுக்கு நாலு வயதில் கடுக்கன் கதவில் மாட்டி இடது காது அறுந்தது. நான் பிறந்தபோதே அந்தக் காது அப்படித்தான்.

"போகும்போது எதுனா சொன்னாரா?"

"திண்டிவனம் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாரு. உங்கள எழுப்பட்டுமான்னேன், வேணாம்னாரு. போறேன்னாரு. எனக்கு அது புடிக்கல பாருங்க. இன்னாங்க விடியறப்ப போறேன்றீங்க, போய்ட்டு வர்றேன்னு சொல்லுங்கன்னேன். என்னியே பாத்துக்கினு நின்னாரு. சொல்லவே இல்ல. படியெறங்கிட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியாத கோபம். "எங்க அண்ணன் காணையில இருக்காரும்மா. நான் அவரத்தான் பாக்கப் போறேன். இதோ பாருங்க தந்தி" என்று எடுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்று உரக்கப் படித்தேன். "அண்ணன் காணை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அண்ணன காணமா?"

"காணம் இல்ல. காணை. ஊரு பேரு. அவரு மாமியார் வீடு அங்கதான்."

"நீங்க சொல்றப்ப காணம்னுதாங்க கேக்குது. மாமியார் வூட்டுக்குப் போனாருன்னு யாருனா தந்தி அடிப்பாங்களா? காணம்னாதான் அடிப்பாங்க."

காகிதத்தைப் பார்த்தேன். என்ன சொல்ல, ஆயிரக்கணக்கான பக்கங்களில் கால் வாங்காத எழுத்தையும் புள்ளி விழுந்த எழுத்தையும் பிடித்தவன், ஒரே ஒரு எழுத்தைக் கோட்டை விட்டேன். கடைசி எழுத்து 'எம்' என்று இருந்தால் காணம். 'ஐ' என்று விழுந்ததால் காணை. பிறகு தந்தி வேலை தெரிந்த ஒருவர் எனக்கு விளக்கினார், கட்டுக்கட்டு என்று அடிக்கிற அந்தப் பாஷையில் 'எம்' என்பது இரண்டு கோடு, 'ஐ' என்பது இரண்டு புள்ளியாம். கொஞ்சம் அழுத்தம் குறைந்தால் போதும், தொலைந்துபோன ஆள் மாமியார் வீட்டில் இருப்பார். அண்ணனைக் காணவில்லை என்று ஊரே தேடிக்கொண்டிருந்த ராத்திரியில் நான் வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். ஒரு பக்கம் காணை பஸ், கண்டக்டர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் திண்டிவனம் போகிற பஸ். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? காணைக்குப் போய், அங்கே அண்ணன் இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, அங்கிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடப் போவான். ஒரு சமையற்காரி பார்த்தேன் என்று சொன்ன ஆளின் பின்னால் போகமாட்டான். ஆனால் எனக்கு அந்த 'போறேன்' காதில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்கமாட்டார்கள், கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போய்ட்டு வர்றேன்தான். திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. அதற்கப்புறம் அதை நினைக்க நேரமில்லை, அன்று பதினாறாம் நாள் சாப்பாட்டில் நான் சொன்ன வார்த்தையையே சக்கரம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்தில் இறங்கி, வெளியூர்க்காரன் ராத்திரி எங்கே தங்குவான் என்று டீக்கடையில் கேட்டேன். கூப்பிடு தூரத்தில் ஒரு சத்திரம். போனால், வாசல் கதவுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு அதன்மேல் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலை என்று பெயர். அறுபது வயது, பனியன், தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சை நகர்த்தினார்.

"வாங்க. சொன்னபடி வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா என்னால ஆயிருக்காது. உங்க அண்ணனோட பெரிய பேஜாரா பூட்ச்சி."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "என்ன உங்களுக்குத் தெரியுமா?"

"சட்டைய மாத்திக்கினா ஆள் தெரியாதா? காலைல போறப்ப மசி கொட்டுன சட்டை போட்டுக்கினு இருந்தீங்க. பாக்கெட்டு பூரா நீலம். இன்னா, வெளுக்கப் போட்டீங்களா?"

அந்தச் சட்டை என் பைக்குள் சுருட்டிக் கிடந்தது. பையின் ஜிப்பைத் திறக்கவே இல்லை நான். நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயம் வரவில்லை. உள்ளே அண்ணன் இருக்கிறார் என்று இவர் சொன்னாரே, அது மட்டும்தான் காதில் ஏறியது.

அண்ணன் உள்கூடத்தில் இரண்டு பாய்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தாடி. கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டு, யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "நீ எப்பிடிடா வந்த?" என்றார்.

"நீ நேத்து விழுப்புரம் வந்தியாண்ணா?"

"விழுப்புரமா? ஊர்லருந்து செஞ்சி வந்து, அங்கிருந்து நேரா இங்கதான். நேத்து பொழுதுபோக வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல போயி கொஞ்ச நேரம் நின்னேன். அப்பறம் இங்க படுத்தேன்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "இந்த ஆளு எம் பக்கத்துல இன்னொரு பாய் போட்டான். வாங்க உக்காருங்கன்னு ஒரே மரியாதை. விடியறப்ப கெளம்பறேன், வழிய மறிக்கிறான். தம்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, வர்ற வரைக்கும் உங்கள அனுப்பக் கூடாதுன்றான். எந்தத் தம்பி, அவன் மெட்ராஸ்ல கீறான்னேன். கேக்கல. நாலு தரம் கெளம்பினேன். செருப்ப எடுத்து எங்கியோ ஒளிச்சி வச்சிட்டான்."

"செருப்பு இல்லாம போக முடியாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி, வாயில் வந்துவிட்டது.

அண்ணன் தன் வெறும் பாதங்களைப் பார்த்தார். "போற எடத்துக்கு செருப்பு எதுக்குடா. ஆனா ஒரு மணி நேரமா அதத்தான் தேடிக்கினு கீறேன்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாகத் திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில், அந்த இரண்டாவது பாயில் உட்கார்ந்தேன். எங்கே போக இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. ரயில் பாதை சத்திரத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

"அன்னிக்கி நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாதுண்ணா."

"நீ ஒரு தரம்தான சொன்ன. நான் தெனமும் சொல்லிக்கிறேன்" என்றார்.

ஏழுமலை இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீ ஆறும்வரை இருந்துவிட்டு நான் பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தேன். ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று அப்படியே இருந்தன. அண்ணன் அவற்றைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"எங்க கெடச்சிது?"

"விழுப்புரத்துல. எம் பக்கத்துப் பாயில."

"நான் செய்யறதுதான். கடைசி ஓட்ட மட்டும் கவுத்துப் போடுவேன், அது எஞ்சினுன்னு கொழந்த சொல்லும்." கடைசி ஓடு கவிழ்ந்துதான் இருந்தது. "ஆனா பங்குனிக்கு அப்பறம் நான் மல்லாட்டைய கையாலயே தொடலடா. நேத்து நம்ம கொல்லைல பிடுங்க ஆளு வந்தாங்க. அதப் பாக்க முடியாமதான் கெளம்பினேன்."

அண்ணி பிற்பாடு சொன்னது இது. எட்டு மாதமாக அவள் புருஷனிடம் ஒரு சொல் பேசவில்லை. அன்று காலை அவர் அடுப்படிக் கதவுக்கு வந்து நின்று "போறேன்" என்றிருக்கிறார். அவள் திரும்பவில்லை. கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். களி இறுகி, இறக்கி வைத்து, உருண்டை பிடிக்கும்போதுதான் அந்தச் சொல் பாதியில் நின்றது உறைத்திருக்கிறது. களிக்கையோடு ஓடியிருக்கிறாள் தெருவுக்கு. தந்தி கொடுக்கச் சொன்னதும் அவள்தான்.

அண்ணன் இன்னும் இருக்கிறார். அனந்தபுரத்திலேயே, அதே நிலத்தில். அந்த ராத்திரியைப் பற்றி எங்களுக்குள் நாங்கள் பேசுவதில்லை. அவர் விழுப்புரத்துக்கு வரவில்லை, நான் திண்டிவனத்தில் இறங்கவில்லை, இரண்டும் எங்களுக்குத் தெரியும். கனகம்மாவைப் பார்க்க இரண்டு வருஷம் கழித்துப் போனேன், அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அந்தத் தேதியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அதில் எனக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அண்ணனாக என்னிடம் வந்தது எது, நானாக அவரிடம் போனது எது, போனது நானென்றால் விழுப்புரத்தில் படுத்திருந்தது யார், எதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை. ஒன்றே ஒன்று மிச்சம். யாராவது என்னை "வாங்க" என்று கூப்பிட்டால், இன்றைக்கும், நான் முதலில் என் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள்கூட ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள், யாரைத் தேடுகிறீர்கள் என்று.

கிளம்பியதைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்டிருந்தது. ஏழுமலை பரணிலிருந்து செருப்பை எடுத்து, துண்டால் தூசி தட்டி, அண்ணனின் காலடியில் வைத்தார். அண்ணன் போட்டுக்கொண்டார். வாசற்படிக்கு வந்ததும் நான் வழக்கப்படி, "நாங்க போய்ட்டு" என்று ஆரம்பித்தேன். ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க காலைலயே சொல்லிட்டீங்க. அண்ணன் சொல்லட்டும்."

எனக்குக் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஊதினதுபோல் இருந்தது. அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றார். சத்திரத்துக்குப் பின்னால் ஒரு ரயில் வந்து, நீளமாகப் போய், முழுக்கப் போய் முடிந்தது. அதுவரை மூன்று பேரும் காத்திருந்தோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போய்ட்டு வர்றேங்க" என்றார்.